கேஸ் ஷீட்டை விட்டுக் கணினிக்கு மாறும்போது: 30 படுக்கை மருத்துவமனைக்கான வழிமுறை

எந்த சாப்ட்வேர் வாங்கலாம் என்று அலைவதற்கு முன், ஒரு ஓபி சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நோயாளி போகும் வழியெல்லாம் நடந்து பாருங்கள். பதிவு கவுன்ட்டர், பிரஷர் பார்க்கும் மேசை, டாக்டர் அறை, லேப், பார்மசி, பில். எங்கே, யார், என்ன எழுதுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்க வருபவரிடம் உங்கள் சொந்த வழியையே ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். அவர் கொண்டுவரும் மாதிரி நோயாளி வேண்டாம்.

அதிகம் கெடுவது பதிவு கவுன்ட்டரில்தான். லட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக அடிக்கலாம். இனிஷியல் ஒருமுறை முன்னால் வரும், ஒருமுறை பின்னால் வரும். பெயரை மட்டும் தேடினால் கிடைக்காது. கூட்ட நேரத்தில் ஊழியர் புதுப்பதிவு போட்டுவிடுவார். பென்சிலின் ஒவ்வாமை பழைய பதிவில் இருக்கும், டாக்டர் திறப்பதோ புதியதை. அதனால் செல்போன் எண், பிறந்த வருடம், பாலினம் மூன்றையும் வைத்துத் தேடிய பிறகே புதுப்பதிவுப் பொத்தான் திறக்கும்படி அமையுங்கள். ஒரே செல்போனில் ஒரு குடும்பமே இருக்கும் என்பதால், எண்ணை அடித்தால் பட்டியல் வரவேண்டும். தானாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வயது சரியாகத் தெரியாதவருக்குத் தோராயம் என்று குறிக்க இடம் வேண்டும். இரட்டைப் பதிவுகளை இணைக்கும் உரிமை மருத்துவ ஆவணப் பிரிவில் ஒருவருக்கு மட்டும் போதும்.

மத்திய அரசின் சுகாதார அடையாள எண்ணான 14 இலக்க ஆபா (ABHA) எண்ணை இணைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மருத்துவமனையின் சொந்த எண் தனியாகவே இருக்கட்டும். ஆபா விருப்பத்தின் பேரில் எடுப்பது. இல்லாதவருக்கும் பதிவு தடையின்றி நடக்கவேண்டும்.

ஒவ்வாமைக் கட்டத்தில் ‘இல்லை’ வேறு, ‘கேட்கவில்லை’ வேறு. இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். வெற்றுக் கட்டத்தை ‘இல்லை’ என்று படித்துவிடுவது உயிருக்கே ஆபத்து. மருந்துப் பட்டியலில் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, மருந்தின் பெயர்), அளவு, வடிவம் மூன்றும் வேண்டும். 0.5 என்பதில் முன்பூஜ்யத்தை விடாதீர்கள், 5.0 என்று எழுதவே வேண்டாம், புள்ளி கண்ணில் படாவிட்டால் அது 50.

பழைய தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்வது வீண் செலவு. சர்க்கரை, டயாலிசிஸ், கர்ப்பிணி என்று தொடர்ந்து வருபவர்கள் அடுத்தமுறை வரும்போது ஒவ்வாமை, இப்போதைய மருந்துகள், நோய்கள், செய்த அறுவைசிகிச்சைகள் ஆகியவற்றை மட்டும் ஏற்றுங்கள். அதற்காகத் தாளை எறிந்துவிடாதீர்கள்: 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் நெறிமுறைப்படி, உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். போலீஸ் வழக்கு சார்ந்தவற்றை வழக்கு முடியும்வரை தொடாதீர்கள்.

முதலில் பதிவும் பில்லும், பிறகு லேப், பார்மசி, கடைசியாக வார்டு. தொடங்கும் நாள் திங்கள்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது. முதல் வாரம் முன்பதிவைப் பாதியாகக் குறையுங்கள். ஷிப்டுக்கு ஒருவர் நர்ஸ்களின் பக்கத்திலேயே நின்று உதவட்டும். தாளிலும் கணினியிலும் சேர்த்து எழுதுவதை 2 வாரத்தில் நிறுத்திவிடுங்கள். நீட்டித்தால் இரண்டும் ஒத்துப்போகாமல், எதை நம்புவது என்றே தெரியாது.

பாஸ்வேர்டைப் பகிர்வதை முதல்நாளே தடுக்க வேண்டும். அதற்கு லாகின் வேகமாக இருக்கவேண்டும். திறக்க ஒரு நிமிடம் ஆனால் வார்டு முழுவதும் ஒரே நர்ஸின் பெயரில்தான் மருந்து பதிவாகும். யார் கொடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கரண்ட் போகும், நெட் போகும். யுபிஎஸ்சோடு தனியாக ஒரு கணினியும் பிரிண்டரும் வார்டில் வைத்து, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை உள்நோயாளி பட்டியலும் மருந்து அட்டவணையும் அதில் தானாகச் சேமிக்கும்படி செய்யுங்கள். வரிசை எண் போட்ட தாள் படிவங்கள் ஒரு கட்டு தயாராக இருக்கட்டும். கணினி திரும்பியதும் எந்தத் தாள் ஏற்றப்படவில்லை என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கும். பேக்கப்பில் ஒரு நகல் கட்டடத்துக்கு வெளியே இருக்கவேண்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு நோயாளியின் பதிவை மீட்டு, லேப் முடிவுவரை திறந்து பாருங்கள்.