மீன் நிறுக்கத் தராசு வாங்குவதில் நடக்கும் தவறுகள்

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த புதிது. நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குக் கொஞ்சம் தள்ளி, தூண்டில் போட்டிருந்த ஒரு தம்பிக்கு நல்ல விரால் மாட்டியது. புதிதாக வாங்கிய கொக்கித் தராசில் தொங்கவிட்டான். 4.20 என்று காட்டியது. சுற்றி நின்றவர்களெல்லாம் செல்போனை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் மீனை வாங்கி ஒரு தடவை கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "ரெண்டு கிலோ, மேல ஒரு நூறு இருக்கும். நாலுன்னா என் கை இப்படி நிக்காது தம்பி" என்றார்.

திரையின் ஓரத்தைப் பார்த்தோம். கிலோ என்று இருக்கவேண்டிய இடத்தில் 'ஜின்' என்று இருந்தது. ஜின் சீனத்துக் கணக்கு, ஒரு ஜின்னுக்கு 500 கிராம். 4.20ஐப் பாதியாக்கினால் 2.1 கிலோ. பெரியவரின் கை சரியாகத்தான் சொன்னது.

மலிவான கொக்கித் தராசுகள் பலவற்றில் அளவை மாற்றும் பொத்தான் முன்பக்கத்திலேயே இருக்கும். ஈரக்கை பட்டாலே கிலோ பவுண்டாகவும் அவுன்சாகவும் ஜின்னாகவும் மாறும். பவுண்டில் நின்றிருந்தால் அதே விரால் 4.63 காட்டியிருக்கும். வீசையும் பலமுமாக நிறுத்த ஊர் இது. ஒரு வீசை சுமார் 1.4 கிலோ. 1958ல் கிலோ வரத் தொடங்கியபோது தாத்தாக்கள் அந்தக் கணக்கில் தடுமாறினார்கள். பேரனுக்கு இப்போது ஜின் வந்திருக்கிறது. வாங்கும்போதே கிலோ மட்டும் காட்டும் தராசைக் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால், பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால்தான் அளவு மாறும் என்ற வகையை எடுங்கள்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு, மிருகால் விடுகிறவன். இதுவரை மூன்று தராசு வாங்கியாயிற்று. முதல் இரண்டும் தண்டம். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரிசாகவே வாங்கிவிடுவது

முதல் தண்டம் 200 கிலோ தொங்கு தராசு. அறுவடைக்கும் ஆகும், நெல் மூட்டைக்கும் ஆகும் என்று நினைத்து வாங்கினேன். அதில் 300 கிராம் கட்லாவைத் தொங்கவிட்டால் ஒரு தடவை 250, அடுத்த தடவை 350. தராசு கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். தப்பு தராசுமேல் இல்லை, என்மேல்தான்.

முறையாகச் செய்த எந்தத் தராசிலும் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை, ஒரு படி (திரையில் எண் ஒரு தடவை மாறும் அளவு) எத்தனை கிராம் என்ற மூன்றும் அதில் இருக்கும். அதிகபட்சத்தைப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம். கடைகளில் புழங்கும் மூன்றாம் வகுப்புத் தராசுக்குக் குறைந்தபட்ச எடை அதன் படியைப்போல 20 மடங்கு. படி 50 கிராம் என்றால் ஒரு கிலோவுக்குக் கீழே அதில் எதையும் நிறுக்கக் கூடாது. நான் நிறுத்தது 300 கிராம். படி 5 கிராம் உள்ள தராசென்றால் 100 கிராமிலிருந்தே நம்பலாம்.

குளம் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் புத்தகக் கணக்கு இல்லை. மாதம் ஒரு தடவை வீச்சுவலை போட்டு இருபது முப்பது மீனை நிறுத்துப் பார்த்துத்தான் தீவனத்தை முடிவு செய்கிறோம். ஆயிரம் மீன், சராசரி 300 கிராம் என்றால் குளத்தில் 300 கிலோ இருக்கிறது. மீன் எடையில் மூன்று சதவீதம் தீவனம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 9 கிலோ. தராசு பத்து சதவீதம் கூட்டிக் காட்டினால் தினமும் 900 கிராம் வீண். மாதத்துக்கு 27 கிலோ. தின்னாத தீவனம் அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுப்பது வேறு.

மீனை ஒவ்வொன்றாக நிறுக்காமல் இருபதையும் சேர்த்து நிறுத்து இருபதால் வகுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆறு கிலோவில் 50 கிராம் பிசகு பெரிய விஷயமில்லை. 300 கிராமில் அதே 50 கிராம் ஆறில் ஒரு பங்கு. இரண்டு தராசு வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. சின்னதுக்கு ஒரு பத்து கிலோ தராசு, அறுவடைக்கு ஒரு பெரியது.

புள்ளிக்குப் பின்னால் எத்தனை எண்

இரண்டாவது தண்டம் இந்த எண்ணை நம்பியதால் வந்தது. அந்தத் தராசு கையடக்கமானது, 50 கிலோ வரைக்கும் 5 கிராம் துல்லியம் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். 5 கிராம் வித்தியாசத்தைத் திரையில் காட்டுவது வேறு, அந்த எண் உண்மையாக இருப்பது வேறு. என் தராசு 2 கிலோ எடைக்கல்லுக்கு 2.085 காட்டியது. நூறு தடவை வைத்தாலும் அதே 2.085. கடைசி 5 வரைக்கும் பிசகாமல் தப்பாகச் சொல்லும் தராசு அது.

இங்கே ஒரு வேடிக்கையும் சொல்லவேண்டும். எண் காட்டும் தராசுகள் பெரும்பாலும், சுருள்வில் தராசு எல்லாமே, பூமி இழுக்கும் விசையைத்தான் அளக்கின்றன. அந்த இழுப்பு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். வடக்கே நாற்பதாவது அட்சரேகைப் பக்கம் அளவு திருத்திய தராசை அப்படியே பதினோராவது அட்சரேகையில் இருக்கும் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தால் கிலோவுக்கு சுமார் 2 கிராம் குறைத்துக் காட்டும். தூண்டில்காரர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் தராசை அது புழங்கும் ஊரிலேயே கல் வைத்துத் திருத்தவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. இழுப்பு கல்லுக்கும் மீனுக்கும் ஒன்றுதானே.

வாங்கும்போதே கடையில் நிறுத்துப் பாருங்கள். மளிகைக்கடையிலோ மாவு மில்லிலோ முத்திரையிட்ட எடைக்கல் இருந்தால் இரவல் கேளுங்கள். ஒரே கல்லோடு விட்டுவிட வேண்டாம். உங்கள் மீன் எந்த எடையில் இருக்குமோ அங்கே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை. பழைய சுருள்வில் தராசென்றால் கல்லை எடுத்த பிறகு முள் பூச்சியத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். தளர்ந்த வில் திரும்பாது.

கல் கிடைக்காதவர்கள் உப்புப் பாக்கெட்டை வைக்கிறார்கள். ஒரு கிலோ பாக்கெட்டில் 15 கிராம் வரை கூடக் குறைய இருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. பால் பாக்கெட் இன்னும் மோசம். அது அரை லிட்டர், அரை கிலோ இல்லை. பால் தண்ணீரைவிடக் கனம், 515 கிராம் பக்கம் வரும். அதை வைத்துத் 'திருத்தினால்' நல்ல தராசும் கெடும்.

தண்ணீரையும் சேர்த்து நிறுப்பது

சரி, தராசு நல்லதாகவே கிடைத்துவிட்டது. அதற்கப்புறமும் எடை தப்பும். முக்கால்வாசிக்குக் காரணம் தண்ணீர்தான்.

காய்ந்த வலைப்பையைத் தொங்கவிட்டு 'டேர்' பொத்தானை, அதாவது பையின் எடையைக் கழித்துப் பூச்சியமாக்கும் பொத்தானை, அழுத்துவோம். அப்புறம் அதில் ஈர மீனைப் போடுவோம். பை குடித்த தண்ணீர் அவ்வளவும் மீன் கணக்கில் ஏறிவிடும். பையை முதலில் முக்கி, வடியவிட்டு, அதன் பிறகு டேர் அழுத்துங்கள். பத்து தடவைக்கு ஒருமுறை வெறும் பையை மறுபடி மாட்டிப் பாருங்கள். சேறும் பாசியும் சேரச் சேர அதன் எடை கூடும். பெட்டியில் நிறுப்பதென்றால் அடியில் ஓட்டை உள்ள பெட்டி. அறுவடையன்று வியாபாரி 'தண்ணீர்க் கழிவு' என்று பெட்டிக்கு இவ்வளவு என்று கழிக்கக் கேட்பார். கண்ணெதிரே வடியவிட்டு நிறுத்தால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.

உயிர்மீனை வாளித் தண்ணீரிலேயே நிறுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். "தண்ணிக்குள்ள மீனுக்கு ஏதுண்ணே எடை, மிதக்குதுல்ல?" என்று என் குளத்தில் வேலை பார்க்கும் பையனே கேட்டான். மீன் மிதந்தாலும் நீந்தினாலும் அதன் முழு எடையும் வாளி வழியாகத் தராசுக்கு வந்தே தீரும். மீன் வாளியோடு தட்டின்மேல்தானே இருக்கிறது? தண்ணீர் வாளியை வைத்து டேர் அழுத்தி, மீனை விட்டு, கூடும் எண்ணைப் படிக்கலாம். மீனுக்கும் நோகாது. மீனோடு சேர்த்து வலைத்தண்ணீரை வாளியில் ஊற்றாமல் இருந்தால் போதும். மீன் துள்ளும் நேரத்தில் எண் ஆடும். ஆட்டம் நின்றதும் எண்ணை நிறுத்திக் காட்டும் வசதி உள்ள தராசென்றால் இதற்குத் தோது.

கொக்கித் தராசைக் கையில் பிடித்துத் தூக்குவது இன்னொரு தவறு. கை நடுங்கும், தராசு சாயும், பக்கவாட்டில் இழுக்கும். கரையோரத்து வாதமரக் கிளையிலோ மூன்று கம்பைக் கட்டியோ தொங்கவிடுங்கள். மேசைத் தராசென்றால் வரப்பு மண்மேல் நேராக வைக்காமல் ஒரு பலகையைப் போட்டு, நீர்மட்டக் குமிழ் நடுவில் நிற்கும்படி காலைத் திருகுங்கள். அதே மீனைத் தட்டின் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். எண் மாறினால் அந்தத் தராசை வாங்காதீர்கள்.

முத்திரை

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மீனை எடைபோட்டு விற்கிறவர்கள் தாண்டக் கூடாது. 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டப்படி வியாபாரத்துக்குப் புழங்கும் தராசு அரசு முத்திரை பெற்றிருக்கவேண்டும். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை மறுமுத்திரை, எடைக்கல்லுக்கும் தட்டுத் தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை. ஆன்லைனில் வரும் கையடக்கக் கொக்கித் தராசுகளில் பல இந்த முத்திரைக்கே போக முடியாதவை. சிலவற்றின் அட்டையிலேயே வியாபாரத்துக்கு அல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை வைத்துக் குளத்தில் மீன் வளர்ச்சி பார்க்கலாம், கிலோ கணக்கில் விற்க முடியாது.

போன அறுவடையில் வியாபாரி கொண்டுவந்த தராசில் பக்கவாட்டு ஈய முத்திரையின் கம்பி அறுந்திருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. என் எடைக்கல்லை அவர் தட்டில் வைத்தேன். 10 கிலோவுக்கு 9.6 காட்டியது. "பேட்டரி இறங்கிப்போச்சு அண்ணே" என்றார். அன்றைக்கு என் தராசில்தான் நிறுத்தோம்.

பேட்டரி இறங்கினால் எண் தப்புவதும் உண்மைதான், அவருக்கு அது சாக்கு என்றாலும். மாற்று பேட்டரி கையில் இருக்கட்டும். வெயிலில் கிடந்து கொதித்த தராசை நிழலில் ஆறவிட்டுப் பூச்சியம் பாருங்கள்.

நாகப்பட்டினம், பழையாறு, மல்லிப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் நிறுக்கிறவர்களுக்கு உப்புதான் எதிரி. கொக்கியும் தட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பெட்டியில் 'ஐபி 67' என்று இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே புகாது என்று பொருள். 65 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும், முக்கக் கூடாது. எதுவானாலும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, கொக்கியில் எதையும் தொங்கவிடாமல் வையுங்கள். என் மூன்றாவது தராசு இப்படித்தான் நான்காவது அறுவடையைப் பார்க்கப்போகிறது.