கார் ஷெட் பட்டறைக்கு வாக்குவம் வாங்கும்போது செய்யும் தவறுகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்தான் என் பட்டறை. பழைய வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்குக் கதவு, நிலைகளை இழைத்து, உப்புத்தாள் போட்டு, மெருகேற்றிக் கொடுக்கிறேன். மரத்தூளை உறிஞ்ச எந்த வாக்குவம் வாங்கலாம் என்று விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை எச்.பி.?" என்பதைத்தான். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

வீட்டில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில், 230 வோல்ட்டில், தொடர்ந்து இழுக்கக்கூடியது 1,380 வாட். ஒரு எச்.பி. என்பது 746 வாட். இரண்டு எச்.பி.கூட முழுதாக வராது. பெட்டியில் ஐந்து என்று போட்டிருந்தால் அது மோட்டார் ஒரு கணம் தொடும் உச்சம், அவ்வளவுதான். நீங்கள் பார்க்க வேண்டியது காற்றோட்டமும் உறிஞ்சும் அழுத்தமும். காற்றோட்டம் தூளைச் சுமந்து போகும். அழுத்தம் குழாயின் தடையைத் தாண்ட வைக்கும்.

குழாயைப் பலரும் கவனிப்பதே இல்லை. சாண்டிங் மெஷினுக்கு 32 மி.மீ. போதும். இழைப்பு மெஷினின் சுருள் சீவலுக்கு அது பத்தாது, வளைவில் அடைத்துக்கொள்ளும். இரண்டரை அங்குலம் வேண்டும். குழாயை நீட்டிக்கொண்டே போகாதீர்கள், நீளம் கூடக் கூட இழுவை குறையும். சக்கரம் வைத்த மெஷினை வேலை நடக்கும் இடத்துக்குத் தள்ளிப்போவதே மேல்.

நான் செய்த பெரிய தவறு ஃபில்டரில். முதலில் வாங்கியதில் வெறும் துணி ஃபில்டர். ஒரு நாள் சாயங்காலம் மேற்கு ஜன்னலில் வெயில் சாய்ந்து விழுந்தபோது பார்த்தேன்: முன்னால் உறிஞ்சிய தூள் மெஷினின் பின்பக்கமாகப் புகையாக வெளியே வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை, வார்னிஷ் அடித்து வைத்த கதவில் கை வைத்தால் நறநறவென்றது. கதவையாவது திரும்பத் தேய்க்கலாம், நுரையீரலை என்ன செய்வது? மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. நுண்ணிய தூளையும் பிடித்து வைக்கும் ஹெப்பா ஃபில்டருக்குக் காசு பார்க்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது.

அந்த ஃபில்டர் சீக்கிரம் அடையாமலிருக்க, மெஷினுக்கு முன்னால் ஒரு சைக்ளோனும் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு) அதன் கீழே டிரம்மும் வையுங்கள். தூள் சுழன்று பெரும்பகுதி டிரம்மிலேயே விழுந்துவிடும். மெல்லிய பெயின்ட் வாளி மட்டும் வேண்டாம். குழாய் அடைத்தால் வாளி உள்ளுக்குள் நசுங்கிவிடும். கெட்டியான டிரம், காற்றுப் போகாத மூடி.

அப்புறம், இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் வேலைக்கு இதே வாக்குவத்தை மாட்டவே மாட்டாதீர்கள். ஒரு தீப்பொறி மரத்தூளுக்குள் போய்க் கனன்றுகொண்டே இருக்கும். ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போன பிறகு எரியும். ஐப்பசி மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்தால், காகித ஃபில்டரைக் கழற்றி, ஸ்பாஞ்சு உறையைப் போட்ட பிறகுதான் உறிஞ்ச வேண்டும். ரம்பத்தையும் வாக்குவத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதீர்கள், வயர் சூடாகும்.

பில் போடுவதற்கு முன் கடைக்காரரிடம் மாற்று ஃபில்டர் என்ன விலை, கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஒன்றைச் சேர்த்தே வாங்கி வந்துவிடுங்கள்.