பெண்கள் குழு டென்னிஸ்: இரட்டையரை மிச்சத்துக்கு விடாதீர்கள்

நாடுகளுக்கிடையிலான பெண்கள் டென்னிஸ் குழுப் போட்டியான பில்லி ஜீன் கிங் கிண்ணத்தின் வலயச் சுற்றுகளில் இரு நாடுகள் மோதும்போது ஒற்றையர் இரண்டு, இரட்டையர் ஒன்று என மூன்று ஆட்டங்கள். இரண்டை வென்ற அணிக்கே அந்த மோதலில் வெற்றி. இலங்கைப் பெண்கள் ஆசிய-ஓசியானிய வலயத்தில் ஆடுவதும் இந்த முறையில்தான். நாலு பிள்ளைகளும் ஒரு கோர்ட்டும் போதும், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பதால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் கழகங்களுக்கும் நன்றாகப் பொருந்துகிற முறை இது. ஆனால் புதிதாக அணி சேர்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள் மட்டும் மாறுவதே இல்லை. தண்ணீர்ப் போத்தல், தொப்பி, இரண்டாவது ராக்கெட் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதைக்கூட மறப்பவர்களுக்கு எழுதி உதவ முடியாது.

இரட்டையரை மிச்சத்துக்கு விடுவது

வழமையாக நடப்பது இதுதான். திறமான இரண்டு பிள்ளைகளையும் ஒற்றையருக்குப் போடுவார்கள். மூன்று கிழமைப் பயிற்சியும் அவர்களுக்கே. மற்ற இருவரும் பந்து பொறுக்குவார்கள். போட்டியன்று 1-1 என்று வந்து நிற்கும்போதுதான் “சேர், டபிள்ஸுக்கு ஆர்?” என்ற கேள்வி பிறக்கும். “வென்ற பிள்ளையையே போடுவம், கூட ஆரையாவது விடு” என்று பதில் வரும். அந்தப் பதிலோடு பாதி மோதல் கையை விட்டுப் போய்விடும்.

இரண்டு ஒற்றையரும் சரிபாதி வாய்ப்புள்ளவை என்று வைத்துக்கொண்டால், இரண்டு மோதலில் ஒன்று 1-1 என்றுதான் வந்து நிற்கும். அதாவது பாதி மோதல்களை இரட்டையர்தான் தீர்க்கும். இந்தக் கிண்ணத்தின் முதல் இறுதிப் போட்டியும் அப்படித்தான் முடிந்தது. 1963 இல் லண்டன் குயின்ஸ் கழகத்தில், பெடரேஷன் கிண்ணம் என்ற பெயரில் அது தொடங்கியபோது, அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் ஒற்றையரில் ஒவ்வொன்று வென்றன. டார்லீன் ஹார்ட், பில்லி ஜீன் மொஃபிட் சோடி இரட்டையரை 3-6, 13-11, 6-3 என்று வென்று கிண்ணத்தை எடுத்தது. அந்த மொஃபிட்தான் பின்னாளில் பில்லி ஜீன் கிங். 2020 முதல் கிண்ணத்துக்கு அவர் பெயர்.

“எங்களிட்ட ஒரு கெட்டிக்காரி இருக்கிறாள், போதும்” என்பவர்களுக்கு 2015 இறுதிப் போட்டி. அப்போது ஒற்றையர் நாலு, இரட்டையர் ஒன்று. பிராக்கில் மரியா ஷரபோவா தன் இரண்டு ஒற்றையரையும் வென்றார். ரஷ்யா 3-2 என்று தோற்றது. கடைசி இரட்டையரை செக் சோடி பிளிஷ்கோவா, ஸ்ட்ரிட்சோவா வென்றது.

2019 இல் பெர்த் நகரில், அதே ஐந்து ஆட்ட முறையில் நடந்த இறுதிப் போட்டியை அணி பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை யோசித்துப் பார்க்கவேண்டும். சனிக்கிழமை அவுஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி பிரான்ஸின் கரோலின் கார்சியாவை 6-0, 6-0 என்று துடைத்தெடுத்தார். மறுநாள் பிரான்ஸ் அணித்தலைவர் (ஆடாமல் அணியை நடத்துபவர்) ஜூலியன் பெனெட்டோ கார்சியாவை ஒற்றையரிலிருந்து எடுத்துவிட்டு, இரட்டையருக்கு வைத்துக்கொண்டார். 2-2 ஆனது. கார்சியாவும் கிறிஸ்டினா மிலாடெனோவிச்சும் பார்ட்டி, ஸ்டோசர் சோடியை 6-4, 6-3 என்று வென்றார்கள். கிண்ணம் பிரான்ஸுக்குப் போனது. இந்த இருவரும் 2016 இல் பிரெஞ்சு பகிரங்க இரட்டையர் சம்பியன்கள். எங்கள் பக்கத்தில் 6-0, 6-0 என்று தோற்ற பிள்ளைக்கு அடுத்த நாள் ராக்கெட்டைத் தொடக்கூட இடம் கிடையாது.

ஒற்றையர் ஆடியவர்கள் இரட்டையரில் தோற்பதற்குக் களைப்பு மட்டும்தான் காரணம் என்றும் நினைக்கவேண்டாம். 2024 மலாகா அரையிறுதியில் போலந்தின் சிவியாந்தெக் இத்தாலியின் பாவோலினியை மூன்று செற்களில் வென்று 1-1 ஆக்கினார். அதன்பின் அந்த இருவருமே இரட்டையருக்கும் இறங்கினார்கள். இருவருக்கும் ஒரே களைப்பு. ஆனால் பாவோலினிக்குப் பக்கத்தில் நின்றவர் எர்ரானி. அந்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்து தங்கம் எடுத்த சோடி. இரண்டாவது செற்றில் 1-5 என்று பின்தங்கியும் 7-5, 7-5 என்று முடித்தார்கள்.

ஆகவே முதலில் சோடியைத் தெரிவுசெய்யுங்கள், பிறகு ஒற்றையரைப் பாருங்கள். கிழமைக்கு மூன்று நாள் பயிற்சி என்றால் ஒரு நாள் முழுக்க இரட்டையருக்கு. எதிராளியின் சேர்வைத் திருப்பியடிக்கும் ரிட்டேர்னைக் குறுக்காக, வலைக்கருகில் நிற்பவளுக்கு எட்டாமல் தாழ்வாக அடிப்பது ஒரு பயிற்சி. நடுவில் வரும் பந்து யாருடையது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யவேண்டும். இருவரும் வலக்கையென்றால் பெரும்பாலும் இடப்பக்கம் நிற்பவளுடையது, அவளுக்குத்தான் அது ஃபோர்ஹாண்டில் வரும். தலைக்கு மேலால் போகும் பந்துக்கு ஓடுபவள் “மாறு” என்று கத்தவேண்டும். மற்றவள் கேள்வி கேட்காமல் பக்கம் மாறவேண்டும். ரிட்டேர்ன் எடுக்கும் பக்கத்தைச் செற் நடுவில் மாற்ற விதி இடந்தராது. ஆகவே அதையும் பயிற்சியிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றுச் சோடி ஒன்றும் தயாராக இருக்கவேண்டும். காலை 7 மணிக்குத் தொடங்கினால் மூன்றாவது ஆட்டம் 10, 11 மணி வெயிலில்தான் வரும். ஒற்றையரில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்ற பிள்ளைக்குத் தசை பிடிக்கத் தொடங்கியிருந்தால், அவள் வென்றிருந்தாலும் இருத்துங்கள். அம்மா அப்பா கோபிக்கத்தான் செய்வார்கள். ஒற்றையர் முடிந்தபின் 15 நிமிடத்துக்குள் இரட்டையர் பெயரைக் கொடுக்கலாம் என்று உங்கள் போட்டி விதியில் எழுதிவிட்டால் இந்த முடிவை அவசரமில்லாமல் எடுக்கலாம்.

சோளகத்தைப் பார்க்காமல் சேர்வ் வரிசை போடுவது

மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஊரில் இதைக் கவனிக்காமல் விடுவது விசித்திரம். ஒற்றையரில் ஒருவரே இரு பக்கத்திலிருந்தும் மாறி மாறிச் சேர்வ் போடுவார். இரட்டையரில் அப்படியில்லை. 1, 3, 5 ஆம் கேம்களின் பின் பக்கம் மாறுவதால், 1, 5, 9 ஆம் கேம்களைப் போடுபவள் செற் முழுக்க ஒரே பக்கத்தில்தான் நிற்பாள். 3, 7 ஆம் கேம்களைப் போடும் சோடிக்காரி எப்போதும் மறுபக்கம். காற்று முதுகில் அடிக்கும் பக்கத்தை மெதுவாகச் சேர்வ் போடுபவளுக்குக் கொடுங்கள். வேகமாகப் போடுபவள் காற்றுக்கு எதிரே நின்றும் சமாளிப்பாள், பந்தும் நீளமாகப் போகாது. இடக்கைக்காரி இருந்தால் காலையில் தெற்குப் பக்கத்திலிருந்து வடக்கே பார்த்துப் போடவிடுங்கள். பந்தை எறியும் பக்கத்தில் வெயில் இராது.

இரண்டாவது செற்றில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். முதல் கேமை நீங்கள் சேர்வ் போட்டு, செற் 6-4 என்று முடிந்தால் பத்துக் கேம். பக்கம் மாறாமலே அடுத்த செற் தொடங்கும். நீங்கள் நிற்பது முதல் செற்றில் இரண்டாவதாகப் போட்டவளின் பக்கம். பழக்கதோஷத்தில் முதலாமவளையே மறுபடி தொடங்கவிட்டால் இருவருமே பிழையான பக்கத்திலிருந்து ஒரு செற் முழுக்கப் போடவேண்டிவரும். புதிய செற்றில் வரிசையை மாற்ற விதி இடம் தருகிறது. 120 விநாடி இடைவேளையில் செய்யவேண்டிய முதல் வேலை இது.

சிங்கிள்ஸ் கம்புகளைக் கழற்ற மறப்பது

ஒற்றையர் ஆட்டத்துக்காக வலைக்கு முட்டுக்கொடுக்கும் இந்தக் கம்புகளை இரட்டையருக்கு முன் கழற்றுங்கள். வலையின் நடு உயரத்தையும் மறுபடி அளந்துபாருங்கள்: 91.4 சென்ரிமீற்றர்.

ஒற்றையர் வரிசையில் தந்திரம்

கிங் கிண்ணத்தில் முதலாம் ஆள், இரண்டாம் ஆள் என்பதை உலகத் தரவரிசைதான் தீர்மானிக்கும், அணித்தலைவர் அல்ல. எங்களிடம் தரவரிசை இல்லாததால், பலவீனமான பிள்ளையை முதலிடத்தில் பலி கொடுத்து மற்ற ஆட்டத்தை எடுக்கப் பார்க்கிறார்கள். சுற்றுப்போட்டி தொடங்குமுன் வரிசையை எழுத்தில் வாங்கி, கடைசி நாள் வரை மாற்றமுடியாது என்று அறிவித்துவிடுங்கள்.

கதிரையில் இருந்து கத்துவது

குழுப் போட்டியில் அணித்தலைவர் கோர்ட்டுக்குள் இருக்கலாம். பக்கம் மாறும்போதும் செற் இடைவேளையிலும் பேசலாம். செற்றின் முதல் கேமுக்குப் பின்னும் டைபிரேக் நடுவிலும் பேசக்கூடாது. இதுதான் நெடுநாள் விதி. 2025 முதல் பயிற்றுவிப்பு விதிகள் தளர்ந்துவிட்டதால், உங்கள் போட்டி எதைப் பின்பற்றுகிறது என்று முதலிலேயே கேளுங்கள். இருப்பது 90 விநாடி. பிள்ளை தண்ணீர் குடித்து மூச்சு விடட்டும். அதன்பின் ஒரு விடயம் மட்டும் சொல்லுங்கள்.

பழைய பந்தில் மூன்றாவது ஆட்டம்

ஒரு மோதலுக்கு மூன்று டின். குறைக்காதீர்கள்.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்க் காலையில் ஆடுவது

ஒரு நாள் முன்னமே போங்கள்.

2-0 ஆனதும் இரட்டையரை விட்டுவிடுவது

நொக்அவுட்டில் பரவாயில்லை. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணியோடும் ஆடும் சுழல்முறைச் சுற்றில் மூன்று அணிகள் சம எண்ணிக்கையில் மோதல்களை வென்று நின்றால் ஆட்டங்கள், செற்கள், கேம்கள் என்று எண்ணித்தான் முதலிடம் தீரும். ஆடாமல் விட்ட இரட்டையரை அப்போது யார் கணக்கில் எழுதுவது என்று சண்டை வரும். ஆடுங்கள், மாற்றுச் சோடிக்கு உண்மையான ஆட்டம் கிடைப்பதும் அன்றைக்குத்தான். கேம் எண்ணிக்கையையும் டைபிரேக் புள்ளிகளையும் விடாமல் எழுதி, இரண்டு அணித்தலைவர்களிடமும் அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.