'புரிஞ்சுதா?' என்று கேட்பதற்குப் பதிலாக: கல்லூரி வகுப்பில் எல்லோரையும் யோசிக்க வைக்கும் ஒரு கேள்வி

பதினைந்து நிமிடம் பாடம் நடத்திவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் முதல் பெஞ்சிலிருந்து "புரிஞ்சுது சார்" என்று பதில் வரும். நடு பெஞ்சுகள் தலையாட்டும். கடைசி பெஞ்சு குனிந்திருக்கும். யாருக்கு என்ன புரிந்தது என்பது இன்டர்னல் தாள் திருத்தும்போதுதான் தெரியவரும். அதற்குள் அடுத்த யூனிட் பாதி ஓடியிருக்கும்.

கல்லூரியில் புதிதாகப் பாடம் எடுக்க வந்திருப்பவர்களுக்காக இந்தச் செய்முறை. உத்திகளை வரிசையாக அடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு வேலைதான்: வகுப்பின் நடுவில் ஒரு நல்ல கேள்வி, எல்லோரும் வாக்களிப்பது, பக்கத்தில் இருப்பவரோடு வாதாடுவது, மறுபடி வாக்களிப்பது. மொத்தம் ஏழெட்டு நிமிடம். புரொஜெக்டர்கூட வேண்டாம்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தன் வகுப்பை இப்படி நடத்தத் தொடங்கினார். 'பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று பெயர், சக மாணவர்வழியே கற்பது என்று பொருள். கடினமான கணக்குகளைப் போட்டுவிடும் அவருடைய மாணவர்கள், நியூட்டன் விதிகளைப் பற்றிச் சாதாரணச் சொற்களில் கேட்ட அடிப்படைக் கேள்விகளில் தடுமாறினார்கள். அந்தத் தேர்வின்போது ஒரு மாணவர், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதவா, இல்லை நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டதாக மசூரே சொல்லியிருக்கிறார். நம் மாணவர்களுக்கும் இதே சந்தேகம் உண்டு. வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

படி 1: கேள்வியை முந்தைய நாளே எழுதி வையுங்கள்

வேலையில் முக்கால்வாசி இதுதான். வகுப்பில் நின்றுகொண்டு கேள்வியை யோசித்தால் "முடுக்கம் என்றால் என்ன?" மாதிரி ஒன்றுதான் வரும். வரையறை கேட்கும் கேள்வி இதற்கு உதவாது. மனப்பாடம் செய்தவர் சொல்வார், மற்றவர் சும்மா இருப்பார். வாதாட அதில் ஒன்றுமில்லை.

உங்களுக்கு வேண்டியது, தவறான விடைகளும் சரிபோலத் தோன்றுகிற கேள்வி. சில மாதிரிகள்:

இயற்பியல்: செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? (1) சுழி (2) கீழ்நோக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு (3) மேல்நோக்கி, அதே அளவு. திசைவேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழி என்று கணிசமானவர்கள் ஒரு விரலைக் காட்டுவார்கள். சரியான விடை 2.

தாவரவியல்: சிறு விதை பெரிய மரமாகிறது. ஈரத்தைக் கழித்தபின் மிஞ்சும் எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? (1) மண் (2) நீர் (3) காற்று (4) சூரிய ஒளி. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தப்பில்லாமல் எழுதுபவர்கூட மண் என்று சொல்வதைப் பார்க்கலாம். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு.

வணிகவியல்: கணக்கில் இந்த ஆண்டு ஒரு லட்சம் ரூபாய் தேய்மானம் எழுதுகிறோம். அந்தப் பதிவினால் கையிருப்பு ரொக்கம் எவ்வளவு குறையும்? ஒரு ரூபாய்கூடக் குறையாது. லாபம்தான் குறையும். ஆனால் 'செலவு' என்றாலே பணம் வெளியே போய்விட்டது என்று நினைப்பவர்கள் பி.காம். மூன்றாம் ஆண்டிலும் உண்டு.

சி நிரலாக்கம்: 5-ஐ 2-ஆல் வகுத்து, வந்ததை ஃப்ளோட் மாறியில் போட்டு அச்சிட்டால் 2.5 வருமா, 2.0 வருமா, எரர் வருமா? இரண்டும் முழு எண்கள் என்பதால் வகுத்த உடனேயே 2 ஆகிவிடுகிறது, மாறியில் போய்ச் சேர்வது 2.0.

இலக்கிய வகுப்புக்கு இது ஒத்துவராது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. மலையும் சுனையும் வரும் ஒரு சங்கப் பாடலில் தலைவி இரங்கிக்கொண்டிருந்தால் அது குறிஞ்சியா, நெய்தலா என்று கேட்டுப் பாருங்கள். மலை, சுனை என்ற நிலத்தையும் கருப்பொருளையும் பிடித்துக்கொண்டு குறிஞ்சி என்று ஒரு கூட்டம், இரங்கல் என்ற உரிப்பொருளைப் பிடித்துக்கொண்டு நெய்தல் என்று ஒரு கூட்டம் என்று வகுப்பு இரண்டாகும். தீர்ப்பு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, காரணம் சொல்ல முடிந்தால் போதும்.

தவறான தெரிவுகள் எங்கே கிடைக்கும்? போன வருட விடைத்தாள்களில். மாணவர்கள் உண்மையிலேயே எழுதிய தவறுகளைவிட நல்ல தெரிவுகளை நாம் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது. இது உங்கள் முதல் வருடம் என்றால் துறையில் மூத்தவரிடம் "எங்கே சார் எல்லாரும் விழுறாங்க?" என்று கேளுங்கள், ஒரு டீயில் ஐந்தாறு கேள்வி தேறும்.

படி 2: விரலால் வாக்கு

கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள், தெரிவுகளுக்கு 1 முதல் 4 வரை எண் போடுங்கள். மாணவர்கள் விரல்களை நெஞ்சோடு ஒட்டி வைத்துக் காட்ட வேண்டும். தலைக்கு மேலே தூக்கினால் பின்னால் இருப்பவர் முதல் பெஞ்சைப் பார்த்துக் காப்பியடிப்பார்.

பல கல்லூரிகளில் வகுப்பில் செல்போனுக்குத் தடை என்பதால் மென்டிமீட்டர் போன்ற வாக்கெடுப்புச் செயலிகளை நம்பி இறங்க வேண்டாம். 'பிளிக்கர்ஸ்' கொஞ்சம் வசதி: மாணவர்களிடம் அச்சடித்த அட்டை மட்டும், ஆசிரியர் தன் போனால் வகுப்பை ஸ்கேன் செய்தால் போதும். ஆனாலும் முதல் மாதம் விரலோடு இருங்கள். செயலியைச் சரிசெய்யும் நேரத்தில் வகுப்பு கைவிட்டுப் போய்விடும்.

படி 3: ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்ளுங்கள்

கேள்வியைப் படித்ததும் "ஒரு நிமிஷம், யாரும் பேசக்கூடாது, தனியா யோசிங்க" என்று சொல்லிவிட்டு நீங்களும் பேசாதீர்கள். கேட்பதற்கு எளிது, செய்வது கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதுமே பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருந்தவர்களும் பேசினார்கள். கல்லூரி ஆசிரியர்களும் இதில் ஒன்றும் பொறுமைசாலிகள் இல்லை. கடிகாரத்தைப் பாருங்கள், அட்டெண்டன்ஸ் நோட்டைப் புரட்டுங்கள், எதையாவது செய்யுங்கள், குறிப்பு மட்டும் கொடுக்காதீர்கள்.

பிறகு "ஒண்ணு, ரெண்டு, மூணு, காட்டுங்க!" எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும்.

படி 4: எண்ணுங்கள், விடையைச் சொல்லாதீர்கள்

தோராயமாக எண்ணினால் போதும். சரியான விடை சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு என்றால் பேச விடுவதில் பயனில்லை. நடத்திய விதம் சேரவில்லை, வேறு உதாரணத்தோடு மறுபடி நடத்துங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு மேலே போகலாம். இடைப்பட்ட நிலைதான் அடுத்த படிக்கு ஏற்றது.

முகத்தைக் கவனியுங்கள், உங்கள் முகத்தைச் சொல்கிறேன். சரியான பெஞ்சைப் பார்த்துப் புன்னகைத்தால் விடை வெளியே வந்துவிடும்.

படி 5: "பக்கத்துல வேற நம்பர் காட்டினவங்களை சம்மதிக்க வையுங்க"

இந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். "டிஸ்கஸ் பண்ணுங்க" என்றால் சினிமா பேச்சு தொடங்கிவிடும். எதிராளியைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்றால் காரணம் தேட வேண்டியிருக்கும். இரண்டு அல்லது மூன்று நிமிடம் கொடுங்கள். நகர்த்த முடியாத நீள பெஞ்சுகள் என்றால் ஒன்றுவிட்டு ஒரு வரிசையைப் பின்னால் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் உட்காரும் வகுப்பில் அதைக் குலைத்துக் கலக்க முயல வேண்டாம். அது வேறு போராட்டம், இந்த மூன்று நிமிடத்தில் முடியாது.

எந்த மொழியில் பேசுவது? தமிழில் பேசட்டும். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் நிறைந்த அரசுக் கல்லூரி வகுப்பில் பாடம் ஆங்கிலத்தில் ஓடும்போது, பலருடைய மௌனத்துக்குக் காரணம் பாடம் புரியாதது அல்ல, வாக்கியம் அமைக்க வராதது. "சார், பந்து மேல போய் நிக்குதே தவிர இழுக்கிற விசை எங்கேயும் போகலையே" என்று தமிழில் சொல்லும் மாணவிக்கு இயற்பியல் வந்துவிட்டது, ஆங்கிலம்தான் பாக்கி. கேள்வியைப் பலகையில் இரண்டு மொழியிலும் எழுதுங்கள். தேர்வு ஆங்கிலத்தில் என்றால், பேச்சு முடிந்தபின் ஒரே ஒரு வரி விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். முதலில் எழுதுபவை தட்டுத்தடுமாறித்தான் இருக்கும். நீங்கள் ஒரு நல்ல வரியைப் பலகையில் எழுதிக்காட்டினால் எல்லோரும் திருத்திக்கொள்வார்கள்.

அவர்கள் பேசும்போது நீங்கள் மேடையில் நிற்காதீர்கள். கடைசி பெஞ்சுவரை நடந்து போய் ஒட்டுக்கேளுங்கள். எந்தத் தவறான காரணம் வகுப்பில் சுற்றுகிறது என்பது அங்கேதான் கிடைக்கும்.

தெரிந்தவரிடமிருந்து தெரியாதவர் விடையை வாங்கிக்கொள்கிறார், இதில் கற்றல் எங்கே என்று நியாயமாகவே கேட்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பு ஒன்றில் இதைச் சோதித்தார்கள். 2009-இல் சயன்ஸ் இதழில் வந்தது. பேசி முடித்தபின், அதே கருத்தை வேறு விதமாகக் கேட்கும் இன்னொரு கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் கேட்டார்கள். முன்பு தவறியவர்களில் பலர் அதில் சரியாகச் சொன்னார்கள். குழுவில் ஒருவருக்குமே முதலில் தெரியாதிருந்த இடங்களிலும் முன்னேற்றம் இருந்ததாகக் கணக்கிட்டார்கள்.

படி 6: மறுவாக்கு, அப்புறம் காரணம்

மறுபடி விரல். விடையை உடனே சொல்லாமல் "இரண்டாவது வரிசை, நீங்க என்ன பேசினீங்க?" என்று கேளுங்கள். தனி ஆளை எழுப்பாமல் ஒரு பெஞ்சைக் கேட்டால் வெட்கம் பாதியாகக் குறையும். தவறான தெரிவுக்கும் ஒருவரைக் காரணம் சொல்ல வையுங்கள், ஏன் அது தவறு என்று நீங்கள் விளக்குங்கள். வாக்குக்கு மதிப்பெண் மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்ட நாளிலிருந்து எல்லா விரலும் டாப்பர் விரலையே பார்க்கும்.

படி 7: போகும்போது ஒரு துண்டுச்சீட்டு

மணி அடிக்க இரண்டு நிமிடம் முன்பு: "இன்னைக்கு எது குழப்பமா இருந்துச்சு? ஒரு வரி, பேர் வேண்டாம்." எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் கைக்கு வந்த பத்தைப் படியுங்கள். அடுத்த வகுப்பை அதில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். தாங்கள் எழுதியதைப் படிக்கிறார்கள் என்று தெரிந்தபின் சீட்டுகளில் 'ஒன்றுமில்லை' குறையும்.

போர்ஷன் முடியுமா?

எல்லோரும் கேட்பது இது. 50 நிமிட வகுப்பில் எட்டு நிமிடம் போனால் ஐந்தாவது யூனிட் என்னாவது? எதையாவது விடத்தான் வேண்டும். பலகையிலிருந்து நோட்டுக்குப் பெயர்க்கும் வரையறைகள், பட்டியல்கள், படம் வரைந்து பாகம் குறிப்பது, இவற்றை இரண்டு பக்க நகலாகக் கொடுத்துவிடலாம். தினமும் இந்தக் கேள்வி முறை வேண்டாம், வாரத்துக்கு இரண்டு போதும். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த பகுப்பாய்வில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி சராசரி 33.8 சதவீதம், மாணவர்களை வேலை வாங்கிய வகுப்புகளில் 21.8. துறைத்தலைவரிடம் பேசும்போது இந்த எண்கள் கைகொடுக்கும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் நல்லது, பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் என்று புகார் போகும் வாய்ப்பு அதிகம்.

மாணவர்களும் முனகுவார்கள், "சார் பாடமே நடத்துறதில்லை" என்று. 2019-இல் ஹார்வர்டில் இதையும் அளந்தார்கள். இப்படி ஈடுபட வைத்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டபோதுதான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். மூளை சிரமப்பட்டால் தனக்கு வரவில்லை என்று தோன்றுகிறது. மாணவர் ஃபீட்பேக் படிவம் உங்கள் மதிப்பீட்டில் சேரும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. ஆகவே பருவத்தின் முதல் வாரத்திலேயே ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். முதல் இன்டர்னல் முடிந்ததும், வகுப்பில் வாக்கெடுத்த பகுதியிலிருந்து வந்த கேள்வியை எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று அவர்களுக்கே காட்டுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு கேள்விக்கும் முதல் வாக்கையும் இரண்டாம் வாக்கையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒருவர்கூட விரல் காட்டாத தெரிவை அடுத்த வருடத்துக்கு முன் மாற்றிவிடலாம்.