பழைய கேமிங் சிஸ்டத்தில் கிராஃபிக்ஸ் கார்டு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மாமா, சிஸ்டம் ஆன் ஆகுது, படம் வருது, பாட்டு ஓடுது. கேம் போட்டா மட்டும் பொட்டுனு ஆஃப் ஆயிடுது" என்று அக்கா மகன் போன் செய்தபோது இரவு பத்து மணி இருக்கும். அன்று காலைதான் கடலூரிலிருந்து பஸ் ஏறி, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், மாதக்கணக்கில் சேர்த்த காசில் ஆர்எக்ஸ் 6600 கார்டு ஒன்றை வாங்கி வந்திருந்தான். மறுநாள் மஞ்சக்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். கார்டில் ஒரு குறையும் இல்லை. அதைத் தாங்கும் நிலையில் அந்தப் பெட்டி இல்லை, அவ்வளவுதான்.

அவனுடையது பத்து வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த சிஸ்டம். இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ5-4460 பிராசஸர், ஹெச்81 மதர்போர்டு, எட்டு ஜிபி டிடிஆர்3 ரேம். அதில் இத்தனை நாளும் ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கும் 10 சீரீஸ் கார்டுகளுக்கும் புதுக் கேம்களுக்கு ஏற்ற கேம் ரெடி டிரைவர் தருவதை என்விடியா நிறுத்திவிட்டது. அதனால் மாற்ற நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் கேபினெட்டைத் திறந்து பார்க்காமல் கார்டு வாங்கப் போனான். மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

பாகங்களுக்குக் கரண்ட் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கார்டு வந்த அட்டைப்பெட்டியில் குறைந்தது 450 வாட் வேண்டும் என்று இருந்தது. அவனுடைய எஸ்எம்பிஎஸ் மேலேயும் 450 என்று பெரிதாகப் போட்டிருந்தது. சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிட்டான். அந்தப் பெரிய எண்ணை நம்பாதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சின்னக் கட்டங்களாக ஒரு அட்டவணை இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த ஒரு வழியிலிருந்துதான் கரண்ட் இழுக்கின்றன. அவனுடையதில் 16 ஆம்பியர் என்று இருந்தது. 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். பிராசஸர் 84 வாட், புதுக் கார்டு 132 வாட், இரண்டும் சேர்ந்து 216. ஹார்டு டிஸ்க், ஃபேன் கணக்கு தனி. பழைய 750 டிஐ 60 வாட்தான் எடுக்கும், அதையும் மதர்போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இந்த எஸ்எம்பிஎஸ்ஸின் பலவீனம் இத்தனை வருடம் வெளியே தெரியவில்லை. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது புதுக் கார்டும் கொஞ்சமாகத்தான் இழுக்கும். கேம் போட்டதும் முழுதாக இழுக்கும், எஸ்எம்பிஎஸ் கைவிரித்துவிடும்.

இன்னொன்றையும் அங்கே பார்த்தேன். கார்டுக்கு எட்டு பின் கனெக்டர் வேண்டும். அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அது கிடையாது. பழைய நான்கு பின் மோலெக்ஸ் முனையிலிருந்து கரண்ட் எடுக்கும், கடையில் கொடுத்த கன்வெர்ட்டரை மாட்டியிருந்தான். ஒரே இரவுதான் ஓடியிருக்கிறது, அதற்குள் மோலெக்ஸ் முனைக்குப் பக்கத்தில் மஞ்சள் வயரின் உறை பழுப்பேறி, விரலால் அழுத்தினால் மெழுகுபோல அமுங்கியது. ஸ்லாட் 75 வாட் தரும், ஆறு பின் இன்னொரு 75, எட்டு பின் 150. இதுதான் கணக்கு. பழைய மெல்லிய வயர்களை ஒன்றாகச் சேர்த்து 150 வாட் இழுப்பது தீ விபத்துக்கு வழி. எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கனெக்டர் பிறக்கும்போதே இல்லையென்றால், அந்தக் கார்டுக்கு அது லாயக்கில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிராசஸருக்குப் போகும் எட்டு பின்னும் பார்க்கக் கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும். ஆனால் அதில் பிளஸ்ஸும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். அதை அழுத்தித் திணித்தால் கார்டு போய்விடும்.

நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கக் காசு பார்க்காதீர்கள் என்பேன். மின் சிக்கனத்துக்கான 80 பிளஸ் சான்று உள்ள 550 வாட் ஒன்றில் 12 வோல்ட்டுக்கு 40 ஆம்பியருக்கு மேல் கிடைக்கும். நாளைக்கு மதர்போர்டை மாற்றினாலும் அது கூடவே வரும். பழைய டிடிஆர்3 ரேமில் போடும் காசு அப்படி வராது.

அடுத்தது ஸ்லாட். இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. எல்லாக் கார்டும் எல்லா ஸ்லாட்டிலும் உட்காரும், உண்மைதான். ஆனால் என்ன வேகத்தில் பேசிக்கொள்ளும் என்பதுதான் கேள்வி. ஹெச்81 போர்டில் இருப்பது இந்த ஸ்லாட்டின் பழைய தலைமுறையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0. லேன் எனும் தகவல் பாதைகள் பதினாறும் சேர்ந்து ஒரு விநாடிக்குச் சுமார் எட்டு ஜிபி கடத்தும். விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கார்டில் நான்கு லேன்தான் இருக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அது பெரிய குறையாகத் தெரியாது, அதுவும் எட்டு ஜிபியைக் கடத்திவிடும். அதையே இந்த ஹெச்81 போர்டில் போட்டால் இரண்டு ஜிபிதான். கார்டில் இருக்கும் நான்கு ஜிபி மெமரி நிரம்பியதும் மிச்சத்தை ரேமிலிருந்து அந்த ஒற்றையடிப் பாதை வழியாகத்தான் இழுக்க வேண்டும். படம் ஓடி ஓடி நிற்கும். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் எட்டு லேன். ஓடும், ஆனால் முழு வேகம் இந்த மாதிரிப் போர்டில் கிடைக்காது. பழைய போர்டுக்கு என்னைக் கேட்டால் பதினாறு லேனும் உள்ள ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், அல்லது பன்னிரண்டு ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 என்பேன். முன்னது 125 வாட், பின்னது 170 வாட்.

இன்டெல் ஆர்க் கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே மூச்சில் அணுக வைக்கும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத போர்டில் அதன் வேகம் படுத்துவிடும். நான்காம் தலைமுறைப் போர்டுக்கு அது வேண்டாம்.

பிராசஸர் விஷயத்துக்கு வருவோம். கார்டு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் முன், இருக்கிற கார்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கார்டின் உபயோகத்தைத் திரையில் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டு, நீங்கள் தினமும் ஆடும் கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். திரையின் மூலையில் கார்டின் உபயோகம் 97, 98 என்று நின்றால் கார்டுதான் திணறுகிறது, மாற்றலாம். 60, 70 என்று தடுமாறினால், விநாடிக்கு இத்தனை ஃபிரேம்தான் என்று வரம்பும் வைக்காமல் இருந்தால், பிராசஸரோ ரேமோதான் காரணம். அங்கே எவ்வளவு விலையுள்ள கார்டு போட்டாலும் பெரிய மாற்றம் வராது. எட்டு ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் இன்னொரு எட்டு ஜிபி செகண்ட் ஹேண்டில் வாங்கி இரண்டு குச்சியும் ஒன்றாக வேலை செய்யும் டூயல் சேனல் ஆக்குங்கள். அதுவே படம் தடுக்கி நிற்பதைக் கணிசமாகக் குறைக்கும். மூன்றாம் தலைமுறை இன்டெல்லும் அதற்கு முந்தையதும் என்றால் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது. அதைக் கேட்கும் புதுக் கேம்கள் திறக்கவே திறக்காது.

சின்ன விஷயங்கள் சில. கேபினெட்டுக்குள் ஹார்டு டிஸ்க் கூண்டு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால், ஜிடிஎக்ஸ் 10 சீரீஸிலிருந்து அனலாக் வெளியீடே கிடையாது என்பதால் ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். ஆபீஸிலிருந்து கழித்துவிட்ட பிராண்டட் பெட்டியை வாங்கிக் கேமிங்குக்கு மாற்றுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதில் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் கனெக்டரும் தனி ரகம், கடை எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. குட்டிப் பெட்டி என்றால் உயரம் குறைந்த கார்டுதான் உள்ளே போகும். அங்கே ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டைத் தேடுவதுதான் வழி.

இனி நம் ஊருக்கென்றே உள்ள சங்கதி. தேவனாம்பட்டினத்திலிருந்து புதுச்சேரி வரை கடலோரம் குடியிருக்கிறவர்களுக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று எர்த், இன்னொன்று உப்புக்காற்று.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று லேசாக ஷாக் அடிக்கிறதா? "கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உலோகத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்தக் கசிவு எர்த் வழியாக இறங்க வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினெட் மீது லைன் வோல்டேஜில் ஏறக்குறைய பாதி நிற்கும். அந்த நிலையில் டிவியையோ மானிட்டரையோ ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைக்கும்போது கார்டின் போர்ட் அடிபடலாம். பல வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. அல்லது எர்த் குழியில் புதைத்த கம்பி இந்த மண்ணில் அரித்துப் போயிருக்கும். நம்முடையது மணல், தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், கோடையில் குழி காய்ந்துவிடும். புதுக் கார்டு மாட்டும் முன் எலக்ட்ரீஷியனை ஒரு முறை வரவழைத்துப் பாருங்கள். அக்கா வீட்டில் சாக்கெட்டைக் கழற்றினால் பச்சை வயர் எதிலும் மாட்டாமல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

உப்புக்காற்று செய்யும் வேலை மெதுவானது. காற்றில் வரும் உப்பு தூசியோடு சேர்ந்து படியும், ஈரத்தை இழுக்கும், உலோகத்தை அரிக்கும். செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கும்போது இதைக் கண்ணாலேயே பிடிக்கலாம். ஸ்லாட்டோடு திருகும் தகட்டில் துரு இருக்கிறதா, திருகுகளின் தலை பொரிந்திருக்கிறதா, ஹெச்டிஎம்ஐ துளைக்குள் டார்ச் அடித்தால் பச்சை தெரிகிறதா என்று பாருங்கள். ஃபேனை விரலால் சுழற்றினால் சத்தமில்லாமல் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, தென்பெண்ணைக் கரையிலும் அதே கதி. தரையில் வைத்திருந்த கேபினெட்டுகள் நனைந்தன. அப்படி நனைந்த கார்டு காய்ந்தபின் ஓடும், சில மாதத்தில் நின்றுவிடும். ஹீட்சிங்க் இடுக்குகளில் மெல்லிய சேறு கோடு போட்டதுபோல ஒட்டியிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

2022 செப்டம்பரில் கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங் முடிவுக்கு வந்தபின் சந்தையில் மைனிங் கார்டுகள் குவிந்தன, அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்கத் தேவையில்லை, விற்பவரின் சிஸ்டத்திலேயே இருபது நிமிடம் கனமான கேம் ஓடவிட்டுச் சூட்டையும் திரையையும் பாருங்கள். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்ப்பது கட்டாயம். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் எழுதி விற்கும் போலிகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி விற்பதில் ஷேடர் எனும் கணக்கிடும் அலகுகள் 2304 இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது வேகம் குறைந்த வேறு ரகம்.

யுபிஎஸ்ஸையும் மறக்காதீர்கள். வீட்டில் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 3060 போட்ட சிஸ்டம் கேமில் 300 வாட் எடுக்கிறது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் சேர்த்துச் சுவரிலிருந்து 350க்கு மேல் போகும், மானிட்டருக்கு இன்னொரு 25. கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கத்திவிட்டு அணையும். 1000 விஏ அளவில் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும் நாளில் நடக்கும் தவறுகள் இரண்டே. டிடியு என்ற இலவச மென்பொருளை வைத்து, சேஃப் மோடில் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு, நெட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு புது டிரைவரைப் போடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் தானாக ஏதாவது ஒன்றைப் போட்டுவிடும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் சொருகாமல் கார்டில் சொருகுங்கள். கேம் ஏன் வேகமாகவில்லை என்று கேட்டு வருகிறவர்களில் கேபிளை மாற்றிச் சொருகியவர்களை நானே பார்த்திருக்கிறேன். திரையே வராவிட்டால் பதறாதீர்கள். பழைய கார்டைத் திரும்ப மாட்டி, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைக் கடைசிப் பதிப்புக்கு ஏற்றி, மறுபடி முயன்று பாருங்கள்.

அதற்காகவாவது பழைய கார்டை அன்றைக்கே விற்றுவிடக் கூடாது. அக்கா மகன் இப்போது புது 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும், எர்த் இழுத்த சாக்கெட்டுமாக அந்த ஆர்எக்ஸ் 6600ஐயே ஓட்டுகிறான். வேகம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் அடுத்த வருடம் போர்டு மாற்றும்போது கார்டு அப்படியே கூட வரும். 750 டிஐயை ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம்.