நன்றாக விற்றவர் குழுவை வழிநடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விற்பனைப் பிரிவில் ஒருவர் தொடர்ந்து இலக்கை எட்டினால் அடுத்த பதவி உயர்வு அவருக்குத்தான் என்பது எழுதப்படாத விதியாகவே இருந்துவருகிறது. ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ ஆகிய மூன்று ஆய்வாளர்கள் பல அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களைப் பற்றிய தரவுகளைக் கொண்டு இந்த விதியை ஆராய்ந்து, 2019ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அதிகமாக விற்றவர்களுக்கே மேலாளர் பதவி கிடைக்கும் வாய்ப்பு மிகுதி என்பது அதில் உறுதியானது. ஆனால், பதவி உயர்வுக்கு முன் அதிகம் விற்றிருந்த மேலாளர்களின் குழுவினர் பொதுவாகப் பின்தங்கியிருந்தனர் என்பதும், பிறரோடு சேர்ந்து விற்பனையை முடித்துப் பழகியவர்கள் மேலாளர்களாகச் சிறந்து விளங்கினர் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தன. திறமையான விற்பனையாளருக்குத் தலைமை வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவரை உயர்த்திய பழக்கங்களே புதிய பொறுப்பில் அவருக்குத் தடையாகின்றன என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம்.

அந்தப் பழக்கங்களுள் மிகவும் கெடுதலானது, பேச்சைத் தன் கைக்கு மாற்றிக்கொள்வது. இளைய பணியாளர் ஒருவர் தம் குழுத் தலைவருடன் வாடிக்கையாளரைச் சந்திக்கச் செல்கிறார். விலை அதிகமாக இருக்கிறதே என்று வாடிக்கையாளர் சொன்னதும், இளையவர் பதில் தேடி ஓரிரு நொடிகள் தயங்குகிறார். தலைவரால் அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. தாமே விளக்கம் தந்து, தாமே ஆர்டரையும் வாங்கிவிடுகிறார். வெளிப்பார்வைக்கு இது வெற்றிதான். ஆனால் இனி எதுவானாலும் தலைவரிடமே கேட்க வேண்டும் என்று வாடிக்கையாளரும், சிக்கல் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று இளையவரும் அன்றே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சில மாதங்களில் எல்லா அழைப்புகளும் தலைவரின் தொலைபேசிக்கே வந்து சேர, 'என் குழுவில் யாரும் பொறுப்பெடுத்துக்கொள்வதில்லை' என்று அவர் வருந்தத் தொடங்குகிறார்.

இதைத் தவிர்க்க, யார் எதைப் பேசுவது என்பதை உள்ளே நுழைவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர் தலைவரைப் பார்த்துக் கேட்டாலும், 'இதை இவர்தான் கவனித்துவருகிறார், இவரே சொல்லட்டும்' என்று கேள்வியை உரியவரிடம் திருப்பிவிட வேண்டும். வெளியே வந்த பிறகும் தம் கருத்தை உடனே கொட்டாமல், 'பேச்சு எந்த இடத்தில் கை நழுவியதாக உங்களுக்குத் தோன்றியது?' என்று முதலில் கேட்பது நல்லது. இப்படிச் செய்தால் சில ஆர்டர்கள் போகத்தான் செய்யும். ஆகவே, இழந்தாலும் தாங்கக்கூடிய சிறிய வாய்ப்புகளைத் தேர்ந்தெடுத்து இளையவர்களிடம் முழுமையாக ஒப்படைக்கலாம். தவறான தகவலால் வாடிக்கையாளருக்கே இழப்பு நேரும் என்ற நிலையில் மட்டும் தலைவர் குறுக்கிடுவது முறை.

குறைகளைச் சுட்டிக்காட்டும் விதத்திலும் பெரிய தவறு நிகழ்கிறது. க்ளூகர், டெனிசி என்ற இரு உளவியலாளர்கள் 1996ஆம் ஆண்டில் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பின்னூட்டம் சராசரியாகச் செயல்பாட்டை உயர்த்தினாலும், மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட நேர்வுகளில் அதைக் குறைத்திருப்பதைக் கண்டனர். கவனம் செய்யும் வேலையிலிருந்து விலகித் தன்னைப் பற்றிய எண்ணத்திற்குத் திரும்பும்போது பின்னூட்டத்தின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 'உங்களுக்குப் பேசத் தெரியவில்லை' என்ற சொல் ஒருவரை நாள் முழுவதும் புண்பட்ட மனத்தோடு உட்கார வைக்கும். 'விலையைப் பற்றி அவர் கேட்டதும், எதனுடன் ஒப்பிடுகிறார் என்று விசாரிக்காமல் தள்ளுபடியைச் சொல்லிவிட்டீர்கள்' என்ற சொல்லோ அடுத்த சந்திப்பில் செய்யவேண்டியதைக் காட்டிவிடும். ஆளை நோக்கிய பாராட்டுக்கும் இது பொருந்தும்.

வாடிக்கையாளருடன் இனிமையாகப் பேசுவதையே உறவு என்று எண்ணிவிடுவது இன்னொரு தவறு. மாதக் கடைசியில் மட்டும் நலம் விசாரிக்கும் விற்பனையாளரின் நோக்கத்தை வாடிக்கையாளர் எளிதில் புரிந்துகொள்கிறார். பொருள் குறித்த நாளில் வந்து சேராது என்று தெரிந்ததும், முழு விவரமும் கிடைக்கட்டும் என்று காத்திராமல், தெரிந்ததை அன்றே சொல்லி, அடுத்த தகவல் எப்போது வரும் என்பதையும் குறிப்பிடுபவரிடமே நம்பிக்கை வளர்கிறது. தாமதத்தை வாடிக்கையாளர் தாமாகக் கண்டுபிடித்துவிட்டால், பல ஆண்டு நட்பும் அந்த இடத்தில் உதவாது. அவசரப்படுத்துவதும் அப்படித்தான். விற்பனை முறைகளை ஆராய்ந்த நீல் ராக்ஹாம் என்பவரின் குழுவினர் 12 ஆண்டுகளில் 35,000க்கும் மேற்பட்ட விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்தபோது, 'இப்போதே முடிவு செய்யுங்கள்' என்று நெருக்கும் உத்திகள் பெரிய விற்பனைகளில் வெற்றி வாய்ப்பைக் குறைத்ததைக் கண்டனர். மேலும், ஒரே ஒரு அதிகாரியின் பழக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் அவர் பணி மாறும் நாளில் அந்த உறவும் அறுந்துபோகும் என்பதால், பொருளை அன்றாடம் பயன்படுத்துவோரையும் அறிந்துவைத்திருக்க வேண்டும்.

சொந்த வளர்ச்சியில் பெரும்பாலோர் செய்யும் தவறு, வேலை பார்த்த ஆண்டுகளை அனுபவம் என்று எண்ணுவது. கைநழுவிய ஒவ்வோர் ஆர்டருக்கும் 'விலை அதிகம்' என்றே பதிவு செய்துவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்தும் கற்றது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும். மறுப்பவர் மனம் நோகாமல் சொல்வதற்கு வாய்ப்பான காரணம் அது. சில வாரங்கள் கழித்து, விற்கும் நோக்கம் சிறிதும் இல்லாமல், 'எங்களைத் தேர்ந்தெடுக்காததற்கு விலையைத் தவிர வேறு என்ன காரணம்?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முடிவு எடுத்தாகிவிட்டதால் அப்போது பலரும் மனம் திறந்து பேசுவார்கள். மறுத்து வாதிடாமல் அதைக் கேட்டு அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும்.