பிரெஞ்சு நகராட்சியான மேரியின் சுவரில் இருக்கும் கேடயத்தைப் படிப்பது எப்படி?

மேரிக்குப் (நகராட்சிக்கு) போய் வரிசையில் நிற்கும்போது சுவரில் ஒரு கேடயச் சின்னம் கண்ணில் படும். பிளாசோன் என்பார்கள். மேலே மதில்சுவர் மாதிரி கிரீடம் இருந்தால் பெரும்பாலும் அது ஒரு ஊருடையது. சேன் ஆந்த்ரே ஊரில் என் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் படிக்கக் கற்றுக்கொடுக்க, இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த எங்கள் ரீயூனியன் தீவின் கேடயத்தையே எடுத்துக்கொள்வேன். முன்னாள் ஆளுநர் மெர்வார் 1925இல் வரைந்தது.

முதலில் வலது, இடது. கேடயத்தைப் பிடித்திருப்பவனின் வலதுதான் வலது. நமக்கு அது இடப்பக்கம். இதை மறந்து, நமக்கு வலப்பக்கம் இருக்கும் கப்பலில் ஆரம்பித்துவிட்டேன் ஒருமுறை. "மெஸ்யே (ஐயா), நீங்களே பிடிச்சுப் பாருங்க" என்றாள் ஒரு வாண்டு.

சரி, மலையில் தொடங்குங்கள். அதில் உள்ள மூன்று 'எம்' ரோமானிய எண், 3000. தீவின் பித்தோன் தெ நேழ் சிகரம் அத்தனை மீட்டரையும் தாண்டும். பக்கத்தில் 1638இல் தீவைப் பிரான்சுக்காகப் பிடித்த சேன் அலெக்சி கப்பல். கீழே நீலத்தில் அரசர்களின் லில்லிப் பூ, சிவப்பில் நெப்போலியனின் தேனீ. நடுவில் பிரெஞ்சுக் கொடி. சோழர் செப்பேட்டு முத்திரையில் புலிக்குப் பக்கத்திலேயே பாண்டியன் கயலும் சேரன் வில்லும் இருக்குமே, அந்தக் கணக்குதான்: யார் யார் ஆண்டார்கள், யார் யாரை அடக்கினார்கள்.

கல்லில் செதுக்கியிருந்தால் நிறம் தெரியாது. கோட்டைப் பாருங்கள்: நெடுக்குக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி. பொன்னும் வெள்ளியும் உலோகம், மற்றவை நிறம். உலோகத்தின் மேல் உலோகமோ நிறத்தின் மேல் நிறமோ வைக்கக்கூடாது. தூரத்திலிருந்து அடையாளம் தெரிய வேண்டுமே!

அப்புறம், கேடயத்துக்கு வெளியே பார்க்க மறக்காதீர்கள். எனக்குப் பிடித்தது அங்கேதான் இருக்கிறது: சுற்றிப் படரும் வனிலாக் கொடி. அந்தப் பூவைக் கையால் சூல்கொள்ள வைக்கும் எளிய வழியை 1841இல் கண்டுபிடித்தவன் எத்மோன் அல்பியூஸ், பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். அவன் பெயர் இதில் இல்லை. 'எங்கே கொண்டுபோனாலும் பூப்பேன்' என்ற லத்தீன் வாசகம் மட்டும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் வாசகம் அது, பிரெஞ்சுக் கம்பெனி.

நம் முன்னோர் வெட்ட வந்த கரும்பும் இல்லை. அதனால் கடைசியில் ஆளுக்கொரு கேடயம் வரையச் சொல்வேன். போன வாரம் ஒரு பையன் நீலத்தின் மேல் பச்சைக் கரும்பு வரைந்தான். நிறத்தின் மேல் நிறம். திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் பொன்னில் தீட்டிக் கொண்டுவந்தான்.